வெளியே தாழ்ப்பாள்

கொல்லிமலைக் காபித் தோட்டத்து முதலாளி ரத்தினசபாபதிக்குத் திடீரென்று தியான ஆசை வந்தது. தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பவளாயியைக் கூப்பிட்டார்.

“காட்டோரம் சின்னதா ஒரு மரக்குடில் வேணும். உள்ளே நான் யார் கண்ணுலயும் படக்கூடாது. ஆனா தியானத்துல இருக்கேன்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியணும். முடியலேன்னா நாளைக்கே வேற தோட்டம் பாத்துக்கோ.”

“முடியுங்க.”

பலகைக் குடில் எழும்பியது. கூரைக்குக் கீழே காற்று வர இடைவெளி விட்டிருந்தாள். தாழ்ப்பாளை மட்டும் கதவின் வெளிப்பக்கம் வைத்தாள். ஏன் என்று எல்லோரும் குடைந்தார்கள். “முதலாளி உட்காரட்டும், சொல்றேன்” என்றாள்.

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். பவளாயி தாழ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

“யாராவது வந்தாங்களா?”

“பஞ்சாயத்துத் தலைவர் வந்தாருங்க. வெளியே தாழ் போட்டு நான் காவலுக்கு நிக்கறதப் பாத்து, உள்ளே தியானம்னு புரிஞ்சுக்கிட்டு, தூரத்துலயே செருப்பக் கழட்டிட்டு நிக்கறாரு.”

“தலைவரா? திற, திற.” கதவு படபடவென்று அதிர்ந்தது.

பவளாயி பலகை இடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

“தட்டாதீங்க. நீங்க தியானத்துல இல்லேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.”

தட்டல் நின்றது. தலைவர் கிளம்பும்வரை உள்ளே மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தாழ் திறந்ததும் வெளியே வந்த முதலாளி அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“தாழ்ப்பாள உள்ளே மாத்து. நாளைக்கு வேலைக்கு வந்துடு.”