மாடிப்படிச் சுவரில் ஓர் ஆணி

சூடான மணலில் கடலை வறுபடுவது போல ஓர் இரைச்சல். அதற்கும் அடியில், எங்கோ தொலைவில், ஒரு குருவி கொத்துவது போல: டிக், டிக், டீ.

வேதமாணிக்கம் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்த காலத்தில் கேட்ட ஒலி அது. மோர்ஸ் தந்தி வழக்கொழிந்தது. அவர் ஏறிய கப்பல்களையும் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். ஒலி மட்டும் அவருடைய இடது காதில் குடியிருந்தது. தூக்கம் பிடிக்காத மத்தியானங்களில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

இப்போது அவருக்கு வேறொரு இரைச்சலோடு வழக்கு.

"இந்த ஊரு வானத்துல ஒண்ணும் எடுக்க முடியாது, டாக்டரம்மா."

சலேத் கண்ணாடிப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தூத்துக்குடியில் ஹோமியோபதி மருத்துவர். அவரைவிட மிகவும் இளையவள். கீழ்வீட்டில் நோயாளிகள், மொட்டை மாடியில் தொலைநோக்கி. கிரகங்களையும் அவற்றின் நிலாக்களையும் படம் எடுக்கக் கற்க விரும்பியவர்கள் அவளிடம் வந்தார்கள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கற்க வந்தாலும், முதல் நாளே மாடிப்படிச் சுவரில் அவர்களுக்கென்று ஓர் ஆணி அடித்துவிடுவாள். எடுத்த படத்தைக் கொண்டுவந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். பதில் சரியாக இருந்தால் படம் ஆணியில் ஏறும். இல்லையென்றால் எடுத்தவரோடு வீட்டுக்குத் திரும்பும்.

அந்தச் சுவரில் படங்களைவிட ஆணிகளே அதிகம்.

வேதமாணிக்கத்தின் ஆணி உப்புக் காற்றில் துருவேறி, சுவரில் ஒரு பழுப்புக் கோட்டை இறக்கியிருந்தது.

"கடக்காத்து, உப்புத் தூசி, துறைமுகத்து விளக்கு, அனல்மின் புகை," என்றார் அவர். "வியாழன் தண்ணிக்குள்ள கிடக்க சோழி மாதிரி ஆடுது. ஈஸ்டர் முடிஞ்சா நான் பெங்களூருக்குப் போயிருவேன். மகன் வீடு வாங்கியாச்சு. நாலாவது மாடி. மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டிருக்காங்களாம். எனக்கு இந்த வருஷம் விட்டா இல்ல."

"என்ன எடுக்கணும் அண்ணாச்சி?"

"கனிமீட்."

வியாழனின் நிலாக்களில் அதுதான் பெரியது.

"புள்ளியா இல்ல. புள்ளியா யாரும் எடுப்பான். வட்டமா எடுக்கணும். அதுமேல கறுப்பா ஒரு நிலம் இருக்கு பாருங்க, அது தெரியணும்."

"எடுங்க," என்றாள் சலேத்.

*

எடுத்தார்.

காற்று நடுங்கும்போது நிலாவும் நடுங்கும். எப்போதாவது ஒரு நொடி நிற்கும். அதனால் வீடியோவாக எடுத்து, நின்ற நொடிகளை மட்டும் பொறுக்கி, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கிய பிறகு திரையில் ஒரு குமிழைத் தள்ளினால் படம் கூர்மையாகும். இன்னும் தள்ளினால் இன்னும் கூர்மையாகும்.

அவர் தள்ளினார்.

கறுப்பு நிலம் வந்தது.

சட்டம் போட்டே எடுத்துக்கொண்டு போனார்.

சலேத் படத்தை வாங்கிப் பார்த்தாள். தன்னுடைய கேள்வியைக் கேட்டாள்.

"இதுல நீங்க பாத்தது எது?"

"இந்தா, இந்தக் கறுப்பு."

"வீடியோவுலயே இருந்துச்சா?"

"கூர்மையாக்கினப்ப வந்துச்சு."

சலேத் படத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள்.

"இதுல ஒரு வீடியோ இருக்கு. நான் எடுத்தது. இத முடிச்சுக் கொண்டாங்க."

"என்னது இது?"

"வெள்ளையா இருக்கும். உருண்டையா இருக்கும்."

*

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். பாத்திரங்களுக்கு நடுவே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாமான் கட்டச் சொன்னா நிலாவக் கட்டிக்கிட்டு இருக்கீங்க," என்றாள் மனைவி கிருபாவதி.

"இது காலிஸ்டோவாத்தான் இருக்கும். வியாழனோட இன்னொரு நிலா."

"யாரா வேணா இருக்கட்டும். அந்த அம்மிய எந்தப் பெட்டில வைக்க?"

அவர் குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு படம் அவருக்கு அமைந்ததே இல்லை. நடுவில் பரந்த கறுப்பு நிலம். அதன் கரையில் மலைமுகடு போல ஒரு வெளிச்சம். உச்சியில் பனி மூடியது போல ஒரு வெண்மை.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சலேத் வீட்டுப் படியில் இசக்கிராஜா உட்கார்ந்திருந்தான். ஐஸ் ஃபேக்டரிக்காரன், அவனும் அவளிடம் கற்பவன்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது ஆணிக்கு விடிவு உண்டா?"

"உன் ஆணியப் போய்ப் பாரு. பல்லி துணி காயப்போட்டிருக்கு."

சலேத் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணாச்சி."

"காலிஸ்டோதான?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். அவருடைய உள்ளங்கையை விரித்து, புட்டியைத் தட்டினாள்.

ஒரு சர்க்கரை உருண்டை விழுந்தது. மருந்தில் நனைக்காத வெறும் உருண்டை.

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"இதுதான் நீங்க முடிச்ச நிலா."

அவருக்கு விளங்கவில்லை.

"நாலு தெரு தள்ளி, ஐஸ் ஃபேக்டரி மாடியில, கறுப்புத் துணில வச்சோம். சாயங்கால வெயில் பட்டுச்சு. நம்ம மாடியிலேருந்து எடுத்தேன்."

"துணி எங்க வீட்டுக் குடையில கிழிச்சது," என்றான் இசக்கிராஜா. "பொண்டாட்டி இன்னும் தேடுதா."

வேதமாணிக்கம் உருண்டையை விளக்கடியில் கொண்டுபோனார். விரல்நுனியில் உருட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டும் பார்த்தார்.

நிலம் இல்லை. மலை இல்லை. பனி இல்லை.

வாயில் போட்டுக்கொண்டார்.

இனித்தது.

தெருவில் ஒரு மீன் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணாச்சி," என்றாள் சலேத், "கப்பல்ல தந்தி வரும்போது இரைச்சல்ல ஓர் எழுத்து கேக்கலன்னா என்ன செய்வீங்க?"

"அந்த இடத்துல கோடு போட்டு வைப்போம். மறுபடி அனுப்பச் சொல்லுவோம்."

"நீங்களா ஓர் எழுத்தப் போட்டுக்கிட மாட்டீங்களா?"

"அதெப்படி? கப்பலக் கொண்டுபோய்ப் பாறையிலயா…"



சலேத் புட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

"நாளையிலேருந்து இருட்டுறதுக்கு முன்னாலயே ஆரம்பிங்க," என்றாள். "பக்கத்து வீட்டுக்காரங்க வேலையிலேருந்து வந்து ஏசியப் போடுறதுக்கு முன்னால. அதோட சூட்டுலயும் காத்து ஆடும்."

*

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம். மேற்கே இன்னும் சிவப்பு இருந்தது. உச்சிவானம் நீலமாகவே இருந்தது. அந்த நீலத்தில் வியாழன் தனியாக வந்து நின்றது.

வேதமாணிக்கம் தன் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்திருந்தார். கிருபாவதி தேநீரோடு மேலே வந்தாள். அவள் முன்கையில் பெட்டி ஒட்டும் டேப் வளையல் போல மாட்டியிருந்தது. ஈரம் படாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"என்ன தெரியுது?"

"ஆடுது."

அவள் கொஞ்சம் தேநீர் குடித்தாள்.

"இப்ப?"

"ஆடுது."

துறைமுகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. அவர் காதுக்குள் கடலை வறுபட்டுக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கப்பலில் இப்படித்தான், இருக்கையின் நுனியில், பென்சிலைப் பிடித்தபடி, அழுத்திக் கேட்காமல், ஒதுங்கியும் போகாமல் காத்திருப்பார்.

காற்று விழுந்தது.

"கிருபா, இங்க வா."

கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னஞ்சிறு வட்டம் அசையாமல் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"அட," என்றாள் அவள், "உருண்டையால்ல இருக்கு!"

பிறகு அது மறுபடி ஆடத் தொடங்கியது.

இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

*

இந்த முறை படத்துக்குச் சட்டம் இல்லை. அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனார்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை. ஓரங்கள் மெத்தென்று இருந்தன. அவ்வளவுதான்.

இசக்கிராஜா எட்டிப் பார்த்தான். "இதுக்கா அண்ணாச்சி இத்தன வருஷம்? எண்ணெயில போடாத சீடை மாதிரி இருக்கு."

வேதமாணிக்கம் கோபப்படவில்லை. "அப்படித்தான் இருக்கு," என்றார்.

சலேத் படத்தைக் கையில் வாங்கினாள்.

"இதுல நீங்க பாத்தது எது?"

"வட்டம் பாத்தேன். கிருபாவும் பாத்தா." விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் லேசா மங்கல். அது வீடியோவுலயும் இருக்கு, காத்து நிக்க நிக்க மறுபடி மறுபடி வந்துச்சு."

"கறுப்பு நிலம்?"

"அந்த இடத்துல கோடு."

சலேத் படியிலிருந்து ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ஆணியின் துருவைத் துடைத்தார்.

*

ஈஸ்டருக்கு மறுவாரம் அவரும் கிருபாவதியும் பெங்களூருக்குப் போனார்கள். மகன் வீட்டு பால்கனி கிழக்குப் பார்த்தது. எதிரே ஒரு பெரிய கட்டிடம், அதன் பக்கத்தில் கொஞ்சம் வானம். போன மறுநாள் வேதமாணிக்கம் அந்த வீட்டில், செருப்பு வைக்கும் பலகைக்கு மேலே, ஓர் ஆணி அடித்தார். அதில் இன்னும் ஒன்றும் மாட்டவில்லை.