மேனேஜர் சொன்ன மிட்டாய்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தாமோதரன் என்று ஒரு மேனேஜர். வைத்தியம் படிக்காத வைத்தியர். தலைவலியோ இடுப்புவலியோ, யார் லீவு கேட்டாலும் ஒரு வலி மாத்திரையை நீட்டுவார்.

"மிட்டாய் மாதிரிதான். போட்டுட்டு மிஷின்ல உட்காரு!"

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்றாவது மாத்திரையும் வந்துவிடும்.

அவருக்குப் பதவி உயர்வு வந்த அன்று காலை, முதலாளி முன்னால் எல்லோரும் வாழ்த்தினார்கள். ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் பூவாத்தாள் தட்டோடு வந்தாள். தட்டு நிறைய அதே மாத்திரைகள்.

"மிட்டாய் எடுத்துக்கோங்க சார். நல்ல சேதிக்கு நீட்டுன தட்டைத் தள்ளக்கூடாது. மூணு எடுக்கோணும்."

தாமோதரன் பதறினார். "வெறும் வயித்துல மூணா? எனக்கு அல்சர்! டாக்டர் இதைத் தொடவே கூடாதுன்னுட்டார்!"

முதலாளி திரும்பி அவரையே பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டா வலி அடங்குதுங்க, பொய் சொல்லக்கூடாது," என்றாள் பூவாத்தாள். "சோத்துக்கு முந்தி மூணு போட்டா வயித்தையே அரிச்சுப்போடுதுங்க. போன மாசம் எம்பக்கத்து மிஷின் சரசாள் ரத்தவாந்தி எடுத்தா. எங்களுக்கும் வயிறு அதே எடத்துலதானுங்க சார் இருக்குது."