காற்று எந்தப் பக்கம்

"ஃபேன் போட்ட பிறகுதான் வண்டி சீக்கிரமா கொதிக்குது, மெகரம்மா."

தில்லைநாதன் இதைச் சொன்னபோது மெகருன்னிசா ஒரு லாரியின் பின்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சேலம் அஸ்தம்பட்டியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவள். திரும்பிப் பார்க்கவில்லை.

"முன்னாடி?"

"ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல ஆவி வந்துச்சு."

"இப்ப?"

"ஆறாவதுலயே."

ஸ்குரூ ஒன்று கீழே விழுந்தது. தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

தில்லைநாதன் முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். மின்சாரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வு பெற்றபின், தன் பழைய அம்பாசிடருக்குத் தானே வயர் இழுக்க வேண்டுமென்று இவளிடம் கற்றுக்கொள்ள வந்தார். மாணவர் ஆசிரியையைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை மெகரம்மா என்றார்.

நாலு மாதமாக வருகிறார். கேள்வி கேட்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

ஏற்காட்டில் அவர் மகள் மங்கை இருக்கிறாள். குழந்தை பிறந்து மூன்று மாதம். வீட்டிலிருக்கும் தேக்குத் தொட்டிலைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். வண்டியின் தலையில் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை மலையேறினார். இரண்டு முறையும் வண்டியை ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, பாதியில் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். இன்று வெள்ளி.

"வேற வண்டியில ஏத்தி அனுப்பலாமே, சார்."

"தொட்டிலை அனுப்பிடலாம். நான்?"

"நீங்க பஸ்ல போங்க."

"இந்த வண்டியிலதான் வருவேன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட? வண்டிகிட்டயா?"

அவர் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. மங்கைதான்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வண்டி வரலேன்னா பரவால்லப்பா. இங்கயே ஒரு தொட்டில் பார்த்துக்கறோம். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா..."

"ஏன் வராது? புது ஃபேன் போட்டிருக்கேன். எங்கயோ சின்னத் தப்பு. ரேடியேட்டர் தண்ணியோட சூடு தொண்ணூத்தஞ்சு டிகிரி தாண்டினதும்..."

இரண்டு நிமிடம் பேசினார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"வெச்சுட்டா. மலைமேல சிக்னல் கிடைக்காது."

மெகருன்னிசா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கினாள்.

"ரிலே புதுசு," என்றார் அவர். "ஃபியூஸ் முப்பது ஆம்பியர். பேட்டரியிலிருந்து தடிமனான வயர். எர்த் பிடிச்ச இடத்துல பெயின்ட்டைச் சுரண்டிட்டுத்தான் போட்டேன். மீட்டர் வெச்சு ஒவ்வொண்ணா பார்த்தாச்சு."

"ஃபேன் சுத்துதா?"

"ஜோரா சுத்துது."

"காத்து எந்தப் பக்கம் போகுது?"

தில்லைநாதன் சிரித்தார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"சிவப்பு பிளஸ்ல இருக்கு. கறுப்பு எர்த்துல இருக்கு. அப்புறம் எந்தப் பக்கம் போகும்?"

சுவரில் தொங்கிய நாள்காட்டியில் வியாழக்கிழமை இன்னும் கிழிபடாமல் இருந்தது. கிழித்தாள். வண்டிக்கு முன்னால் வந்து, அந்தத் தாளை கிரில்லின் மேல் வைத்து ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"இன்ஜின் வேணாம். ஃபேனை மட்டும் போடுங்க."

ஃபேன் இரைந்தது.

விரலை எடுத்தாள். வியாழக்கிழமை பறந்துபோய் அவர் செருப்பின் மேல் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். தானே வைத்துப் பார்த்தார். மறுபடியும் பறந்தது.

"இந்த ஃபேன் எங்க வாங்கினது, சார்?"

"பழைய சாமான் கடையில. வேற ஏதோ காரோடது."

"அந்தக் காருல ரேடியேட்டருக்குப் பின்னாடி உக்காந்து காத்தை உள்ள இழுத்துக்கிட்டிருந்திருக்கும்."

"இதுல பின்னாடி இடமில்லை. இன்ஜினோட சொந்த ஃபேன் இருக்கே. அதனால முன்னாடி... திருப்பி..."

வாக்கியம் அங்கேயே நின்றது. மெகருன்னிசா அதை முடித்துவைக்கவில்லை. எதிரே ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றி, போயிற்று.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "ஓடும்போது எதிர்க்காத்து உள்ள வருது. இது வெளிய தள்ளுது."

"வர்ற காத்தை வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"கண்டுபிடிச்சிருப்பீங்க. குழந்தைக்குக் காது குத்தறதுக்குள்ள."

ஸ்குரூ டிரைவரை அவர் கையில் கொடுத்துவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டாள். ஃபேனை நிறுத்தி, அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் அவரே இடம் மாற்றினார். சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. முப்பத்தோரு வருடம் எந்த மாணவன் இப்படிச் செய்திருந்தாலும் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்.

ஃபேனைப் போட்டார். தாளை வைத்தார். விரலை எடுத்தார்.

கிரில்லில் பசை தடவி ஒட்டியதுபோல் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றவரின் பையில் போன் அடித்தது. ஃபேனை அணைத்துவிட்டு எடுத்தார். தாள் நழுவி விழுந்தது. மெகருன்னிசா அதை எடுக்க வந்தாள்.

"மங்கையா? கண்டுபிடிச்சாச்சும்மா. ரொம்பச் சின்ன விஷயம்..."

"அப்பா, ஒரு நிமிஷம்..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். காத்து வர்ற திசைன்னு ஒண்ணு இருக்கு. நான் என்ன செஞ்சிருந்தேன்னா..."

மெகருன்னிசா அந்தத் தாளை அவர் வாய்க்கு ஒரு சாண் முன்னால் பிடித்தாள்.

தாள் படபடத்தது.

அவர் இன்னும் நாலைந்து வார்த்தை பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அது வெளிப்பக்கமாக வளைந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது.

பேச்சு நின்றது.

"அப்பா? லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லம்மா."

"பேசலையே நீங்க."

மலைமேல் குழந்தை எதையோ சப்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"தொட்டில் கெடக்கட்டும்ப்பா," என்றாள் மங்கை. "நான் ரொம்ப நாளா சொல்ல நெனச்சது வேற."

அவர் வாயைத் திறந்தார்.

மெகருன்னிசா கையை எடுக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லட்டுமா?" என்றாள் மங்கை.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தாள் அசையவில்லை.