எருமை கொடுத்த சொரணை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

அந்தக் காலத்தில், மாடும் குருவியும் மனுசரோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், உலகத்திலேயே அதிகச் சொரணை உள்ள உயிர் எது தெரியுமா? எருமை. சிரிக்காதீர்கள், எருமையேதான். அதன் தோல் அப்போது வெற்றிலைக் கொழுந்து மாதிரி இருந்தது. முதுகில் எறும்பு ஊர்ந்தால் துள்ளும். ஒரு தூறல் விழுந்தால் போதும், மற்ற மாடெல்லாம் மேய்ந்துகொண்டிருக்க, இது மட்டும் புளியமரத்தடிக்கு ஓடும். அடுத்த தெருவில் ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் இதற்குக் கண் கலங்கும்.

"வந்துட்டா பாரு தொட்டாச்சிணுங்கி!" என்று பனைமரத்து உச்சியிலிருந்து கேலி பண்ணும் கரிச்சான் குருவி. கரிச்சானுக்கு அப்போது வால் பிளந்திருக்காது. எதற்கும் அசராத குருவி அது. தலைக்கு மேலே பருந்து வட்டம் போட்டாலும் 'வந்துட்டுப் போகட்டும்' என்று தூங்கும். வாய் நீளம். புத்தி அதைவிட நீளம்.

எருமை ஒச்சப்பன் வீட்டு எருமை. ஒச்சப்பன் கண்மாய்க்கு மடைக்காரன். தண்ணீரைத் திறப்பது, அடைப்பது, கரையைக் காப்பது எல்லாம் அவன் பொறுப்பு. வீடு கரைக்குக் கீழே பள்ளத்தில். பெண்டாட்டி வீராயி நிறைமாசம்.

ஐப்பசியில் ஒருநாள் விடிந்ததும் மழை பிடித்தது. மழையா அது? மேலே யாரோ ஒரு கண்மாயைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. எங்கள் கண்மாய் நிரம்பி அலையடித்தது. மத்தியானம் வீராயிக்கு வலி கண்டது. அதே நேரம் பார்த்துக் கரையும் உடைந்தது.

ஊரே மண்வெட்டியோடு ஓடிவந்தது. வைக்கோல் கட்டைப் போட்டார்கள், போனது. முள்ளுக் கட்டைப் போட்டார்கள், போனது. பனந்தடியைக்கூடத் தண்ணீர் குச்சி மாதிரி இழுத்துக்கொண்டு போனது.

"வீராயிய மேட்டுக்குத் தூக்குங்கடா!" என்று கத்தினான் ஒச்சப்பன்.

கீழே வீட்டு வாசலிலிருந்து மருத்துவச்சி குரல் கொடுத்தாள். "தலை இறங்கிருச்சுடா! இப்பத் தூக்குனா ரெண்டு உசிரும் போயிரும். பிள்ளை விழுற வரைக்கும் தண்ணியப் பிடிச்சு வை!"

தண்ணீரை எதை வைத்துப் பிடிப்பது?

புளியமரத்தடியில் எருமை நடுங்கிக்கொண்டு நின்றது. வீராயிக்கு வலிக்க வலிக்க அதன் இடுப்பும் வலித்தது. பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. மரத்தை விட்டு வெளியே வந்து, மழைக்குள் நடந்து, நேரே உடைப்புக்குள் இறங்கிக் குறுக்கே நின்றுவிட்டது.

"ஏய், தூறலுக்கு ஓடுறது எங்கப்பா போகுது!" என்றார் ஒருத்தர். அதற்குள் தண்ணீர் பாதியாக மட்டுப்பட்டிருந்தது. ஓடிப்போய் எருமையின் விலாவை ஒட்டி முள்ளும் மண்ணும் அணைத்தார்கள். மேலே ஆலங்கட்டி விழுந்தது. எருமைக்கு உடம்பு சிலிர்த்தது. அணைத்த மண் பொலபொலவென்று சரிந்தது. திரும்ப அணைத்தார்கள். திரும்பச் சிலிர்த்தது, திரும்பச் சரிந்தது.

"ஆடாதே ஆத்தா! நீ ஆடுனா மண்ணு நிக்காது" என்று அழுதான் ஒச்சப்பன்.

"ஆடக்கூடாதுன்னுதான் பாக்குறேன் ஒச்சப்பா. ஒவ்வொரு சொட்டும் ஊசியாக் குத்துதே, நான் என்ன செய்ய?"

கரிச்சான் பார்த்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அதற்குக் கேலி வரவில்லை. பனையை விட்டு இறங்கி வந்து எருமையின் இரண்டு கொம்புக்கும் நடுவில் உட்கார்ந்தது.

"தொட்டாச்சிணுங்கி, உன் சொரணைய எங்கிட்டக் குடு. பிள்ளை பிறந்ததும் திருப்பித் தந்துர்றேன்."

"தாங்க மாட்டே. நீ கைப்பிடி அளவுகூட இல்லையே."

"அத நான் பாத்துக்கிறேன். தலையக் குனி."

எருமை குனிந்தது. குருவி அதன் நெற்றியில் அலகை வைத்து உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச, அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவும் அடங்காமல் வால் நுனி இரண்டாகப் பிளந்துகொண்டது. குருவி 'கீச்'சென்று கத்திக்கொண்டு பனைக்குப் பறந்தது. கல்மழை விழுந்தது எருமை மேல். துடித்தது குருவி.

எருமையோ நின்றது. மலை நிற்கிற மாதிரி நின்றது. காது அசையவில்லை, இமை அசையவில்லை. மண் பிடித்தது. மண்வெட்டி வைத்திருந்தவர்கள் அதைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பள்ளத்திலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. ஒச்சப்பன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சத்தம் அது?" என்றது எருமை.

"பிள்ளை பிறந்திருச்சு ஆத்தா! பொம்பளைப் பிள்ளை!"

"அப்படியா" என்றது எருமை. பக்கத்து ஊருக்கு யாரோ வந்தார்கள் என்று கேட்ட மாதிரி. ஆனால் பனைமேல் கரிச்சான் பாடியது பாருங்கள், அதற்கு முன்னால் எந்தக் குருவியும் அப்படிப் பாடியதில்லை. எருமைக்கு வரவேண்டிய சந்தோசம் அது.

தாயையும் பிள்ளையையும் மேட்டுக்குத் தூக்கினார்கள். மழை வெறித்து ஓய்ந்ததும் கரையைக் கட்டி எருமையை வெளியே விட்டார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கரிச்சான் பறந்து வந்தது. வந்து பார்த்தால், எருமையின் விலாவில் முள் கிழிக்காத இடம் இல்லை. இப்போது சொரணையைக் கொடுத்தால் அந்த நாளின் வலி முழுக்க ஒரே மூச்சில் வந்து இறங்கும். உயிர் நிற்காது.

"எங்கிட்ட என்னமோ வாங்கிட்டுப் போனியே, என்னது அது?" என்று கேட்டது எருமை.

அந்தப் புண்களைப் பார்த்தபடியே கரிச்சான் சொன்னது: "பெரிசா ஒண்ணுமில்ல. உன் முதுகுல கிடந்த ஒரு உண்ணி. இன்னும் ரெண்டு மூணு கிடக்கும் போல. நீ பாட்டுக்கு மேய், நான் பாத்துக்கிறேன்."

அன்று முதல்தான் எருமை கொட்டுகிற மழையிலும் அசையாமல் நிற்கிறது, நாமும் சொரணை கெட்டது என்று அதை வைகிறோம். அன்று முதல்தான் கரிச்சான் ஒரு இலை அசைந்தாலும் பதறுகிறது, பருந்தைக்கூட ஊர் எல்லை வரைக்கும் விரட்டுகிறது. சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாதென்று அது எருமையின் முதுகில் ஏறி, புண் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, உண்ணி பொறுக்கத் தொடங்கியது.