செந்நாய் ஊளையைக் கைவிட்ட மாலை

செந்நாய், நரி, குறுநரி என்பவை ஒரே விலங்கின் மூன்று பெயர்கள் என்று கருதுவோர் உண்டு. அது பிழை. ஒன்று மலைக்காட்டைத் தன் நாடாகக் கொண்டது. ஒன்று வயலோரத்தை விட்டு விலகாதது. மற்றொன்று வறண்ட மேய்ச்சல் வெளியில் வளை தோண்டி வாழ்வது. ஆயினும் மூன்றும் ஒரே குகையில் குடியிருந்ததும் உண்டு. விலங்குகள் மனத்தில் உள்ளதை வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மோயாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே ஒரு பாறைக்குகை அவற்றின் வீடாக இருந்தது.

மூத்தவள் செவ்வி என்னும் செந்நாய். செந்நாய்க் கூட்டத்துக்கு வேட்டையில் தலைமை தாங்குபவள் அவளே. அவளுக்கு இளையவன் ஓரி என்னும் நரி. கடைசித் தங்கை பொடிச்சி என்னும் குறுநரி; உடல் சிறியது, காது பெரியது.

அவர்களுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரை விழுந்தால் குட்டிகள் தின்ற பிறகே பெரியவர்கள் வாய் வைப்பார்கள். ஒருவர் ஊளையிட்டால், எங்கிருந்தாலும் மற்றவர் பதில் ஊளையிடுவார்கள். பதில் சொல்லாமல் இருப்பது உறவை முறிப்பதற்குச் சமம்.

அந்தக் கோடையில் செவ்வி நான்கு குட்டிகளை ஈன்றாள். அவற்றுக்குக் கண் திறக்கும் முன்னரே, எங்கிருந்தோ வந்த ஒரு சிறுத்தை பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. செவ்வி எல்லோரையும் கூட்டினாள்.

"குட்டிகள் ஓடக் கற்கும் வரை யாரும் ஊளையிடக் கூடாது. வேட்டையில் அழைப்பதற்குப் பல்லிடுக்கில் காற்றை ஊதிச் சீழ்க்கை அடிப்போம்."

"ஊளையிடாமல் இருக்க நான் என்ன முயலா, அக்கா?" என்றான் ஓரி.

"முயலாக இருந்தால் உன்னை எப்போதோ தின்றிருப்பேன். வாயை மூடு."

பொடிச்சி அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. குகையின் பின்பக்கம், பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அவள் வளை பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எலிக்கு வாக்கப்படப் போகிறாயா?" என்று ஓரி சிரித்தான்.

"ஒரு வாசல் உள்ள வீட்டில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அண்ணா."

"அந்த ஒரு வாசலில் நான் நிற்கிறேனே, போதாதா?" என்றாள் செவ்வி.

"நீ வேட்டைக்குப் போகும்போது, அக்கா?"

"தம்பி நிற்பான்."

பொடிச்சி பறிப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் பிற்பகல் செவ்வி தன் செந்நிறக் கூட்டத்தோடு வேட்டைக்கு இறங்கினாள். சீழ்க்கை நன்றாகவே பயன்பட்டது. ஆற்று மணலில் ஒரு கொழுத்த புள்ளிமானை மடக்கி வீழ்த்தினார்கள். பல நாள் பட்டினிக்குப் பின் கிடைத்த முதல் இரை அது. குட்டிகள் வயிறாரப் பால் குடிக்கும் என்று எண்ணிய செவ்விக்கு மகிழ்ச்சி தாளவில்லை. தன் கட்டளையை மறந்து, தலையைத் தூக்கி நீளமாக ஊளையிட்டாள்.

குகை வாசலில் ஓரி அதைக் கேட்டான். அக்காளின் குரல். அவன் வாய் தானாகத் திறந்தது. அவன் ஊளை பாறைகளில் மோதிப் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலித்தது.

சிறுத்தை அருகில்தான் இருந்தது. ஓசை வந்த இடத்தை நோக்கி நேராக ஏறி வந்தது.

ஓரி முதலில் எதிர்த்தே நின்றான், பல்லைக் காட்டினான், இரண்டு முறை பாய்ந்தான். சிறுத்தை ஒரே அறையில் அவனைப் புதரில் எறிந்தது. அதற்குள் பொடிச்சி ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்வித் தான் பறித்த வளை வழியே வெளியே கொண்டுபோனாள். மூன்றைக் கொண்டு சேர்த்தாள். நான்காவது குட்டிக்காக அவள் திரும்பி வந்தபோது, குகைக்குள் இருந்தது சிறுத்தை.

ஓரியின் பதிலைக் கேட்டுப் பதறி ஓடிவந்த செவ்வியின் கூட்டம் சிறுத்தையை விரட்டியது. குட்டியை மீட்க முடியவில்லை.

"காவல் நின்றவன் வாயைத் திறந்தானா?" என்று செவ்வி உறுமினாள்.

புதரிலிருந்து நொண்டி வந்த ஓரி தலைகுனியவில்லை. "நீ கூப்பிட்டாய், பதில் சொன்னேன். அக்கா கூப்பிட்டும் பேசாமல் இருப்பவன் தம்பியா?"

கூட்டம் முழுவதும் செவ்வியைப் பார்த்தது. அவள் மறுக்கக்கூடியவள் அல்லள்.

"உண்மைதான். சட்டம் இட்டவளும் நான், முதலில் மீறியவளும் நான். இனி என் வழியில் வருபவர் எவரும் ஊளையிட மாட்டார். சீழ்க்கைதான் எங்கள் குரல். குட்டிகளுக்குத் தனிக் காவலும் இனி இல்லை, கூட்டமே காவல். ஓரி, நீயும் ஊளையைக் கைவிடுவாயா?"

ஓரி கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தான். "ஊளையை விட்டுவிட்டால் நான் நரியாக இருக்க மாட்டேன், அக்கா. சிறுத்தை வரத் தயங்கும் இடத்துக்குப் போகிறேன். கீழே மனிதர் நெருப்பு மூட்டி உழுது பயிரிடுகிறார்கள். அந்த வயலோரம் எனக்குப் போதும்."

"நீ?" என்று செவ்வி தங்கையைக் கேட்டாள்.

"இங்கே எங்கு பறித்தாலும் நகம் பாறையில் இடிக்கிறது. கிழக்கே கொழுக்கட்டைப் புல் முளைத்த சமவெளி இருக்கிறது. வெயில் கொடிதுதான், ஆனால் மண் இளகும். வேண்டிய அளவு வாசல் வைத்துக்கொள்வேன்."

மானை இழுத்து வந்தார்கள். குட்டிகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆகவே செவ்வி முதல் துண்டைப் பொடிச்சியின் முன் வைத்தாள். அவள் தின்று முடிக்கும் வரை மற்றவர் எவரும் வாய் வைக்கவில்லை. பிறகு மூவரும் மூன்று திசையில் பிரிந்தார்கள்.

அந்த மாலை தொடங்கித்தான் செந்நாய் மலைக்காட்டில் கூட்டமாக வாழ்ந்து சீழ்க்கையால் பேசுகிறது. குறுநரி மேய்ச்சல் வெளியில் பல வாசல் கொண்ட வளையில் குட்டி போடுகிறது. நரி வயலோரத்தில் நின்று, பொழுது சாயும்போது மலையை நோக்கி ஊளையிடுகிறது. அக்கம்பக்கத்து நரிகள் எல்லாம் பதில் சொல்லும். மலை மட்டும் பதில் சொல்லாது. கேட்காததால் அல்ல, அந்த மாலையில் செவ்வி இட்ட சட்டம் இன்னும் மீறப்படவில்லை.