ஊறுகாய் மாதிரி

ஆண்டவன் புத்தியை மழையாகப் பொழிந்த அன்று, கோணக்காட்டுப்புதூரில் மூன்று பேர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வெள்ளியங்கிரி, ராக்கியப்பன், நாச்சிமுத்து. இந்த மூவரும் சேர்ந்து ஊறுகாய்க் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை. இருபது ஜாடிக்கு நார்த்தங்காய், இருபது ஜாடிக்கு எலுமிச்சை நறுக்கிவைத்திருந்தார்கள். அத்தனையும் பெண்டாட்டிகளைக் கேட்காமல் சொந்தத் தோட்டத்தையே மொட்டையடித்துக் கொண்டுவந்தது. நாற்பது ஜாடியும் விற்காமல் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று மூன்று பெண்களும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உணவுப் பாதுகாப்பு ஆபீசரம்மா வந்தார்.

"லைசென்ஸ் இல்லாம ஒரு ஜாடிகூட விக்கக் கூடாது. வாயை மூடிக்கிட்டுத்தான் வேலை செய்யணும். ஊறுகாய்ல உங்க கை படக் கூடாது. எல்லாம் முடிஞ்சதும் ஊறுகாய் மாதிரி கால் கிலோ அனுப்பிவையுங்க. மாதிரி எப்படியோ, மொத்தச் சரக்கும் அப்படித்தான்னு நாங்க எடுத்துக்குவோம்."

சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது முகக்கவசத்தை. இவர்களோ மறுநாள் காலையிலிருந்து பேச்சையே நிறுத்தினார்கள். நாச்சிமுத்து எல்லா ஜாடிக்கும் உப்புப் போட்டான். அதைக் கவனிக்காத ராக்கியப்பனும் போட்டான். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரிக்கு வாய் துடித்தது. ஆனால் சட்டம் இருக்கிறதே! தன் பங்குக்கு அவனும் போட்டுவிட்டு நகர்ந்தான்.

சாப்பிட எப்படியும் வாயைத் திறக்க வேண்டியிருந்ததால், கை விஷயத்தை மதியச் சோற்றின்போது விவாதித்தார்கள்.

"உங்க கை படக் கூடாதுன்னுதான அந்தம்மா சொல்லுச்சு?" என்றான் ராக்கியப்பன்.

"ஆமா."

"அப்ப என்ர ஜாடியை நீ கிளறு. உன்ரதை இவன் கிளறட்டும். இவன்ரதை நான் கிளறிக்கறேன்."

சட்டம் இவ்வளவு சுலபமா என்று வியந்தபடி மற்ற இருவரும் கிளறக் கிளம்பினார்கள்.

மாதிரி அனுப்பும் நாள் வந்தது.

"ஊறுகாய் வேணும்னா ஊறுகாய்னு கேட்டிருக்காதா? மாதிரின்னு எதுக்கு இழுக்கோணும்?" என்றான் நாச்சிமுத்து.

"மாதிரின்னா அது இல்லீன்னுதான அர்த்தம்?" என்றான் ராக்கியப்பன். "என்ர மாமனாரு என்னைய மகன் மாதிரிங்கறாரு. தோட்டத்துல ஒரு சென்ட்டு எழுதிவெச்சாரா?"

அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. செங்கல்லைச் சிறு சிறு துண்டாக உடைத்து, மிளகாய்ப்பொடி தூவி, நல்லெண்ணெயில் ஊறவைத்தார்கள். பார்த்தால் ஊறுகாயேதான். ஆசைப்பட்டு ஒரு துண்டைக் கடித்த வெள்ளியங்கிரிக்குக் கடைவாய்ப்பல் ஒன்று போனது. "அப்படியே மாதிரியேதான்" என்று பல்லைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

பத்தாம் நாள் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. நாச்சிமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அனுப்பப்பட்ட பொருளில் கிருமி இல்லை. பூஞ்சை இல்லை. இது செங்கல். உணவு உரிமம் வழங்க இயலாது."

வெள்ளியங்கிரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நாப்பது ஜாடியும் போச்சே! இனி எந்த மூஞ்சியை வெச்சுட்டு ஊட்டுக்குப் போறது?" பாவம், நிஜமாகவே அழுதான்.

"அழுவாதடா" என்றான் ராக்கியப்பன். "மாதிரி எப்படியோ மொத்தச் சரக்கும் அப்படித்தான்னு அந்தம்மாவே சொல்லுச்சல்லோ? மாதிரி செங்கல்லுன்னா?"

"ஜாடியில இருக்கறதும் செங்கல்லு!"

"செங்கல்லு விக்கறதுக்கு எதுக்குடா சோத்து லைசென்ஸு?"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே கொட்டகை வாசலில் பலகை ஏறியது: 'அரசு ஆய்வகத்தில் சோதித்த செங்கல் இங்கே கிடைக்கும். கிருமி இல்லை.'

மறுநாள் பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் டிராக்டரோடு வந்து இறங்கினார்.

"ஊடு கட்டோணும். ரெண்டாயிரம் கல்லு இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து பவ்யமாக ஒரு ஜாடியின் மூடியைத் திறந்தான்.

"நார்த்தங்காய்ல வேணுங்களா, எலுமிச்சையில வேணுங்களா?"