கிழக்கு வரப்பில் வைத்த கம்பு

மலையடிவாரத்து மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நல்லபெருமாளைத்தான் குரு என்று நினைத்துக் காலில் விழுவார்கள். வயது அறுபத்து மூன்று. வெள்ளைத் தாடி. முப்பது வருடம் வாத்தியாராக நின்ற நிமிர்வு இன்னும் முதுகில் இருந்தது. அவர் கூச்சத்தோடு விலகி, அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கைகாட்டுவார்.

குரு உலகம்மைதான். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். எல்லோருக்கும் அம்மை, நல்லபெருமாளுக்கும் அம்மை. அம்மை மட்டும் அவரை ஐயா என்றே கூப்பிட்டார்.

மடத்துக்கு ஒரு கம்புக் கொல்லை இருந்தது. மத்தியானம் கூழுக்கு வருகிறவர்கள் அதை நம்பித்தான் வந்தார்கள். நல்லபெருமாள் சேர்ந்த அன்றே அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அம்மை. உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் கதிர் பால் பிடித்ததுமே கிளிகள் வந்தன. கூட்டம் கூட்டமாக இறங்கின. பாதியைத் தின்றன, பாதியைக் கடித்துக் கீழே போட்டன. நல்லபெருமாள் சோளக்கொல்லைப் பொம்மை நட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் அதன் தலையிலேயே ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. பிறகு கவணை எடுத்தார். கல் பட்டு ஒன்றிரண்டு விழுந்தன. அவர் தலை தெரிந்தாலே கிளிகள் கத்திக்கொண்டு எழும்பின. அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் இறங்கின.

என்ன செய்யலாம் என்று அம்மையிடம் கேட்டார்.

“தகரத்தைத் தட்டுங்க. போகும்.”

“திரும்ப வருதே?”

“திரும்பத் தட்டுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“அறுக்கிற வரைக்கும்.”

மறுநாள் அம்மையே வந்து, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை வரப்பில் உட்கார்ந்து தகரம் தட்டிவிட்டுப் போனார். இது அறிவுள்ளவன் செய்கிற வேலையா என்று நல்லபெருமாளுக்குத் தோன்றியது.

கொல்லையின் மேற்கே கிணறு. கிணற்றின்மேல் சாய்ந்த கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பசி தெரியாது. மஞ்சள் தலையை ஆட்டி ஆட்டி ஓர் ஆண்குருவி கூட்டுக்கு நார் பின்னுவதைப் பார்த்தால், வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை கணக்குப் போடுவதைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்துவிடும். கிணற்றடிப் பாறையில் தினமும் அவற்றுக்கென்று ஒரு கை கம்பு தூவினார். நாள்பட, அவர் ஓலைப்பெட்டியோடு வருவதைக் கண்டாலே குருவிகள் இறங்கிவந்து காலைச் சுற்றின.

ஒருநாள் தண்ணீர் எடுக்க வந்த அம்மை அதைப் பார்த்தார்.

“இதுகளும் அதே கம்பைத்தானே தின்னுது?”

“வயித்துக்கு மட்டும் தின்னுதும்மா. பாழாக்கலை. ஒண்ணு உழைச்சுக் கூடு கட்டுது. கிளியோ யாரோ குடைஞ்ச பொந்துல போய் உக்காந்துக்குது. ரெண்டும் ஒண்ணாகுமா?”

“கட்டுறதைப் பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது கொல்லையில் பாதிக்கதிர் மணியில்லாத சக்கையாகிவிட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பலவேசம் ஒரு யோசனை சொன்னார். பருத்திக்கு அடிக்கிற மருந்து அவரிடம் மிச்சம் இருந்தது. நல்லபெருமாள் அம்மையிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

கம்பில் மருந்தைக் கலந்தார். குருவிகளின் பாறைப் பக்கமே போகக்கூடாது என்று கவனமாக இருந்தார். கிளிகள் முதலில் வந்து இறங்குவது கிழக்கு வரப்பு வேம்பில். கொல்லையின் அந்தக் கோடிக்கு நடந்துபோய், வேம்படியில் கொட்டிவிட்டு, தான் நின்றால் கிளி வராது என்று வேகமாகக் குளத்துக்குப் போனார். ஒருமுறைக்கு இரண்டுமுறை கைகழுவிக் குளித்தார்.

திரும்பி வரும்போது கிளிச்சத்தம் வழக்கம்போல் கேட்டது. கொல்லை நடுவில் கதிர்களில் தொங்கிக்கொண்டு தின்றுகொண்டிருந்தன. வேம்படியில் மஞ்சள் தலைகள் சிதறிக் கிடந்தன, தாய்க்குருவிகளும் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் இன்னும் சிறகு துடித்தது. அவர் ஓடிப்போய்க் கையில் எடுப்பதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

அவர் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததைக் கருவேல மரத்திலிருந்து அவை பார்த்திருக்கின்றன. பின்னாலேயே வந்திருக்கின்றன.

அன்று மத்தியானம் கூடுகளிலிருந்து குஞ்சுகள் கத்தத் தொடங்கின. கூடுகள் கிணற்றுக்கு நேர்மேலே, கிளைநுனிகளில் தொங்கின. ஏணி எட்டவில்லை. துறட்டியால் ஒன்றை வளைத்து இழுத்தார். கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. கஞ்சித்தண்ணீரைத் துணியில் நனைத்து ஊட்டினார். பொழுது சாயுமுன் மூன்றும் செத்தன. அடுத்த கூட்டை இழுத்தபோது கிளை முறிந்து அது கிணற்றில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் துறட்டியைத் தொடவில்லை.

சோறு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மை வந்து கூப்பிடவில்லை. மண்வெட்டியோடு வேம்படிக்குப் போய், செத்ததையும் சிந்தியதையும் மண்ணோடு வாரி ஆழக் குழிவெட்டிப் புதைத்துவிட்டுத் திரும்பினார்.

குஞ்சுகள் இரண்டு நாள் கத்தின. மூன்றாம் நாள் காலையில் சத்தம் இல்லை.

கிளிகள் வந்தன. நல்லபெருமாள் எழுந்திருக்கவில்லை. அம்மை தகரத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து தட்டினார். கூட்டம் எழும்பி வேம்புக்குப் போனது.

“நான் கிளிக்குத்தான் வெச்சேன்” என்றார் நல்லபெருமாள். “இதுகளுக்கு ஒரு கெடுதலும் மனசால நினைக்கலை. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எவ்வளவோ தள்ளித்தான் வெச்சேன். ஒரு கிளிகூட அதைத் தொடலையே. ஏம்மா?”

கிளிகள் மறுபடி இறங்கின. அம்மை மறுபடி தட்டினார். அவை எழும்பி அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

“உங்க கையைக் கண்டாப் பயப்படணும்னு கிளிக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, ஐயா. குருவிக்குச் சொல்லிக்கொடுக்கலை.”